பெங்களூரில் ஒரே ஒரு ரெக்கார்டு வாங்குவதென்றால்

அக்கா பையன் ரெக்கார்டு பிளேயர் வாங்கியிருக்கிறான். சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகிற சின்ன சாதனம்தான், ஸ்பீக்கரும் அதற்குள்ளேயே இருக்கிறது. காவேரிப்பட்டணத்தில் ஒரு இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். போன வாரம் வீட்டுக்கு வந்தவன் காபி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"மாமா, இந்த ஜாஸ் ஜாஸ்ங்கறாங்களே, அது என்னன்னு கொஞ்சமாச்சும் புரியணும். ஞாயித்துக்கெழம பெங்களூர் போறேன். கையில மூவாயிரம் இருக்கு. ஒரு ரெக்கார்டுதான் வரும். எத வாங்கட்டும்?"

ஜாஸ் என்பது வாசிக்கும்போதே அந்தந்த நிமிடத்தில் கற்பனை செய்துகொண்டு போகிற அமெரிக்க இசை. சுத்தமான ஜாஸ் ரெக்கார்டு ஒன்றைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சினிமாப் பாட்டில் வளர்ந்த காது அவனுடையது, என்னுடையதும்தான். பல்லவி, இடையிசை, சரணம் என்று வராமல், குரலே இல்லாமல் எட்டு நிமிடம் போனால் கை தானாக போனைத் தேடும். அதனால் பாடகர் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. ராக் குழுவில் பாடிப் பெயர் வாங்கிவிட்டு, தனியாக முதல் ஆல்பம் போடும்போது ஜாஸ் பக்கம் சாய்ந்தவர்கள் சிலர் உண்டு. அப்படி இரண்டு ஆல்பங்களையும், அதில் ஒன்றையொட்டி வந்த மேடைப் பதிவு ஒன்றையும் அவனுக்குச் சொன்னேன். டொனால்ட் ஃபேகனின் 'தி நைட்ஃப்ளை', ஸ்டிங்கின் 'தி ட்ரீம் ஆஃப் தி ப்ளூ டர்ட்டில்ஸ்', அதே ஸ்டிங்கின் 'பிரிங் ஆன் தி நைட்'.

இவையெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பதினாலு வருடம் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள், அறுபதோ தொண்ணூறோ காலி கேசட் போட்டுப் பதிந்து கொடுப்பேன். பாதிப் பாட்டில் கரண்டு போனால் மறுபடி முதலிலிருந்து. கிரானைட் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த பெங்களூர்க்காரர் ஒருவர் ஒருநாள் இரண்டு இங்கிலீஷ் கேசட்டுகளோடு வந்து, "இரண்டையும் ஒரே தொண்ணூறில் ஏற்றிக் கொடுங்கள், காரில் கேட்க வேண்டும்" என்றார். தொண்ணூறு என்றால் ஒரு பக்கம் 45 நிமிடம். ஸ்டிங் 42 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஃபேகன் 39 நிமிடத்துக்குள். ஒரு பக்கத்துக்கு ஒருவர், அளவெடுத்துத் தைத்த மாதிரி. எனக்கென்று இன்னொரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டேன். வருடக்கணக்கில் கடையை மூடும் நேரத்தில் அந்தக் கேசட்தான் ஓடும். கடைசியில் டெக் நாடாவைத் தின்று, ஃபேகன் பக்கம் ஓரிடத்தில் சாராயம் குடித்தவர் பேசுவது போல இழுக்க ஆரம்பித்தது. ஆக இந்த ஒப்பீடு நான் புதிதாகச் செய்வது அல்ல. கேசட்டை எந்தப் பக்கம் போடுவது என்று ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு யோசித்ததுதான்.

முதலில் ஃபேகன். ஸ்டீலி டேன் என்ற அமெரிக்கக் குழுவின் பாடகர், கீபோர்டுக்காரர். 1974-க்குப் பிறகு மேடைப் பயணத்தையே விட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்துகொண்ட குழு அது. ஒரு இடையிசைக்கு நாலு கிடாரிஸ்டுகளை வரவழைத்து வாசிக்க வைத்து, ஐந்தாவதாக வருபவரின் வாசிப்பை வைத்துக்கொள்கிற ரகம். 1981-ல் குழு பிரிந்தது. 1982-ல் ஃபேகன் தனியாகப் போட்டது 'தி நைட்ஃப்ளை'. எட்டே பாட்டு. அட்டையில் டை கட்டிய ஃபேகன், முன்னால் மைக், பக்கத்தில் ரெக்கார்டு சுழலும் தட்டு, கையில் சிகரெட். நள்ளிரவில் ஜாஸ் ஒலிபரப்பும் வானொலிக்காரர் வேஷம். ஐம்பதுகளின் கடைசியில் நியூ ஜெர்சிப் புறநகரில் படுக்கையில் கிடந்தபடி ரேடியோவில் ஜாஸ் கேட்ட ஒரு பையனின் கனவுகள்தான் ஆல்பம் முழுக்க. இலங்கை வானொலிக்காக டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிவைத்துத் தூங்கிப்போன எங்கள் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இசையில் இதன் பலம் கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டங்கள். சாதாரண மேஜர், மைனர், ஸெவன்த்தோடு நிற்காமல், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார்கள். 'மேக்ஸின்' என்ற பாட்டில் ஃபேகன் தன் குரலையே பல தடவை பதிந்து நாலு பேர் சேர்ந்து பாடுவது போல ஆக்கியிருக்கிறார். கீபோர்டுக்காரன் அந்த ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்காரலாம். லாரி கார்ல்டன் கிடார், பிரெக்கர் சகோதரர்களின் ஊதுகுழல்கள், மார்கஸ் மில்லர் பேஸ் (கீழ்ஸ்தாயிக் கிடார்) என்று வாசித்தவர்கள் பட்டியலும் சின்னதல்ல.

ஆனால் எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிட்டது. டிஜிட்டல் முறையில் பதிவான முதல் பெரிய பாப் ஆல்பங்களில் ஒன்று அது. சத்தம் அவ்வளவு துல்லியம், தூசு துரும்பு இல்லை. இன்றைக்கும் புது ஸ்பீக்கர் வாங்கியவர்கள் சோதித்துப் பார்க்க அதைப் போடுவார்கள். அந்தச் சுத்தத்தில்தான் பிரச்சினை. வாசிக்கிற ஒவ்வொருவரும் ஃபேகனின் மனதில் ஏற்கெனவே இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஜாஸிலிருந்து கார்டுகளும் வாசமும் வந்துவிட்டன. அடுத்து என்ன நடக்கும் என்று வாசிப்பவருக்கே தெரியாத அந்தக் கணம் வரவில்லை. பையனுக்குப் புரிய வேண்டியது அதுதானே.

சரி, ஸ்டிங்.

போலீஸ் என்ற மூன்று பேர் குழுவின் பாடகர், பேஸ் கிடாரிஸ்ட். 1983-ல் அவர்களுடைய ஐந்தாவது ஆல்பம் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அந்த உச்சியில் நின்றுகொண்டு ஒதுங்கினார். இங்கிலாந்தின் வடகிழக்கே வால்ஸெண்ட் என்ற கப்பல் கட்டும் ஊரில் பிறந்தவர், சின்ன வயதில் நியூகாசில் ஜாஸ் குழுக்களில் பேஸ் வாசித்தவர். ஸ்டிங் என்ற பட்டப்பெயரே அங்கே ஒட்டிக்கொண்டதுதான். குளவி மாதிரி மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வருவாராம். அதனால் ஜாஸ் அவருக்குத் திடீர் ஆசை அல்ல. நியூயார்க்கில் நாலு இளம் ஜாஸ் கலைஞர்களைப் பிடித்தார். சாக்ஸபோனுக்கு பிரான்ஃபர்ட் மார்சாலிஸ், கீபோர்டுக்கு கென்னி கிர்க்லண்ட், பேஸுக்கு டேரில் ஜோன்ஸ், டிரம்ஸுக்கு ஓமர் ஹக்கீம். ஜோன்ஸ் ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்தவர், ஹக்கீம் வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவில். பிரான்ஃபர்டும் கிர்க்லண்டும் பிரான்ஃபர்டின் தம்பி விண்டனின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். அண்ணனையும் கீபோர்டுக்காரரையும் ஒரே நேரத்தில் ராக் பாடகர் தூக்கிக்கொண்டு போனதில் தம்பிக்குக் கடுப்பு, அதை ஒளித்தும் வைக்கவில்லை. நம் இன்னிசைக் குழுக்களில் நல்ல ரிதம் பேட் வாசிக்கிறவனை அடுத்த குழு சீசன் நடுவில் கூட்டிக்கொண்டு போனால் என்ன ரகளை நடக்கும் என்று பையனிடம் கேட்டேன். "வேணாம் மாமா" என்று கும்பிட்டான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டிங் உலகம் அறிந்த பேஸ் கலைஞர். இந்த ஆல்பத்தில் பேஸை ஜோன்ஸிடம் கொடுத்துவிட்டுத் தான் கிடாரை எடுத்துக்கொண்டார். ஒரு பாட்டில் மட்டும் பெரிய டபுள் பேஸை நிறுத்தி வாசிக்கிறார். தன் வாத்தியத்தையே கைமாற்றிக் கொடுக்கிற பாடகர்கள் எத்தனை பேர்?

ஆல்பத்தின் பெயர் ஒரு கனவிலிருந்து வந்தது. லண்டன் ஹாம்ஸ்டெட் வீட்டில் மதில் சூழ்ந்த தோட்டம், எல்லாம் ஒழுங்காக வெட்டி வைத்தது. மதிலை உடைத்துக்கொண்டு பெரிய நீல ஆமைகள் புகுந்து, குடித்தவை போலக் குட்டிக்கரணம் போட்டுத் தோட்டத்தைத் துவம்சம் செய்துவிட்டன. கனவில் ஸ்டிங்குக்குக் கோபம் வரவில்லையாம், வேடிக்கை பார்த்திருக்கிறார். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டுக்குள் யானை புகுவதைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஆனால் கணக்கு புரிகிறது. ஒழுங்கான பாப் பாட்டுத் தோட்டத்துக்குள் நாலு ஜாஸ்காரர்களைத் தானே விட்டிருக்கிறார்.

எவ்வளவு தூரம் துவம்சம் செய்தார்கள்? இங்கேதான் என் தீர்ப்பு பலருக்குப் பிடிக்காது. 1985-ல் பார்படாஸ் தீவிலும் கனடாவிலும் பதிந்த இந்த ஆல்பத்தில் தோட்டம் முக்கால்வாசி தப்பித்துவிட்டது. பத்துப் பாட்டில் பெரும்பாலானவை பாட்டுகள்தான். 'ரஷ்யன்ஸ்' என்ற பனிப்போர்ப் பாட்டு ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியேவின் மெட்டு ஒன்றைத் தாங்கி நிற்கிறது, ஜாஸுக்கு அங்கே வேலையே இல்லை. (ஃபேகனின் ஆல்பத்திலும் அணுகுண்டு வருகிறது. அங்கே ஒரு பையன் அணுகுண்டுக்காகக் கட்டிய பதுங்குகுழியில் பார்ட்டி வைத்துப் பெண்ணை மயக்கப் பார்க்கிறான். ஸ்டிங் கவலைப்படுகிறார், ஃபேகன் கண்ணடிக்கிறார். இரண்டு ஆட்களும் எப்படிப்பட்டவர்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.) நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு பாட்டு, 1984-85 வேலைநிறுத்தம் நடந்த சூட்டில் எழுதியது. ஜாஸ் பெயரைச் சொல்லும் ஆல்பத்தின் பெயர்ப் பாட்டோ ஒன்றேகால் நிமிட வாத்திய இசை, தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே சில இடங்கள் உண்டு. 'சில்ட்ரன்ஸ் குருசேட்' த்ரீ ஃபோரில், மூன்று மூன்றாக எண்ணுகிற தாளத்தில் போகிற பாட்டு. முதல் உலகப்போரில் செத்த பையன்களிலிருந்து, லண்டன் சோஹோவில் போதைக்கு அடிமையான பிள்ளைகளுக்கு வந்து சேரும். நடுவில் பிரான்ஃபர்டின் சொப்ரானோ சாக்ஸ். நம் ஊரில் சாக்ஸபோன் என்றால் கல்யாண பேண்டு செட்டில் தோளில் மாட்டிய வளைந்த வாத்தியம், இல்லாவிட்டால் கதிரி கோபால்நாத். இது நேராக, கிளாரினெட் மாதிரி இருக்கும். குரல் சொல்ல முடியாமல் நிறுத்திய இடத்தில் அது எடுத்துக்கொள்கிறது. ஊரில் ஒப்பாரி வைக்கிறவர்கள் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் தொடர்வார் இல்லையா, அதே மாதிரி. பாட்டுக்கு அடியில் கிர்க்லண்ட் என்ன செய்கிறார் என்று மட்டும் கேட்டால் அது தனிப் பாடம். ஒன்றும் செய்யாதது போல இருக்கிறார், எடுத்துவிட்டால் பாட்டு விழுந்துவிடும். மேடையில் பத்து விரலையும் எப்போதும் வேலைக்கு விடுகிற எங்கள் பையனுக்கு இது அவசரமாகத் தேவை என்று அவனிடமே சொன்னேன். முகம் சுண்டிவிட்டது.

மூன்றாவது, 'பிரிங் ஆன் தி நைட்'. அதே ஆட்கள், அதே 1985, ஐரோப்பிய மேடைகள். ஆல்பமாக வந்தது 1986-ல், இரட்டை ரெக்கார்டு. மைக்கேல் ஆப்டெட் எடுத்த ஆவணப்படம் ஒன்றும் அதே பெயரில் இருக்கிறது, ஒத்திகையில் இவர்கள் ஒருவரை ஒருவர் கலாய்ப்பதைப் பார்க்கவாவது பார்க்கலாம். இங்கேதான் ஆமைகள் முழுசாகப் புகுந்தன. முதல் பாட்டே 11 நிமிடத்துக்கு மேல். போலீஸ் காலத்துப் பாட்டுகள் இரண்டை ஒட்டவைத்து, நடுவில் கிர்க்லண்டுக்கு இடம் விட்டுவிட்டார்கள். சின்னச் சின்னத் துண்டாக ஆரம்பிக்கிறார். ஒரு துண்டைச் சொல்லி, அதையே கொஞ்சம் திருப்பி, இன்னொரு தடவை. ஹக்கீம் கீழிருந்து தள்ளுகிறார். நீங்கள் இதோ முடிந்தது என்று நினைக்கிற இடத்தில் அவர் இன்னொரு படி ஏறுகிறார். கீபோர்டு வாசிக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், ராக் மேடையில் வாசித்த பியானோ தனியாவர்த்தனங்களில் இதற்கு மேலே ஒன்றிரண்டு சொன்னாலே அதிகம். கிர்க்லண்ட் 1998-ல் போய்ச்சேர்ந்துவிட்டார். இந்த மேடை ஆல்பத்துக்காக ஸ்டிங்குக்கு 1988-ல் கிராமி விருது கிடைத்தது, அதுவும் பாடியதற்காக! எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

அப்படியென்றால் இதையே வாங்கச் சொல்ல வேண்டியதுதானே? எனக்காக வாங்குவதென்றால் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். பையனுக்கு வேண்டாம் என்றேன். காரணம் கூத்து.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இன்னும் விடிய விடிய நடக்கிறது. கர்ணன் சாகப் போகிறான் என்பது வேர்க்கடலை விற்கிற கிழவிக்கும் தெரியும். தெரிந்ததால்தான் பார்க்க முடிகிறது. வேஷக்காரர் ஒரு பாட்டை முக்கால் மணி நேரம் நீட்டும்போது, மூலப் பாட்டு நம் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் எங்கே விலகுகிறார், எப்படித் திரும்பி வந்து ஒட்டுகிறார் என்பதுதான் ஆட்டம். கதை தெரியாதவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் இரண்டு மணிக்குத் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். மேடை ஆல்பத்தில் வருகிற 'சில்ட்ரன்ஸ் குருசேட்'டும் 'மூன் ஓவர் பர்பன் ஸ்ட்ரீட்'டும் அந்த மாதிரிதான். ஸ்டுடியோப் பதிவு மனதில் இருந்தால்தான் மேடையில் என்ன கலைந்தது என்று தெரியும். மீதிப் பாட்டுகள் பல போலீஸ் காலத்தவை, அவை பையனுக்கு இன்னும் தூரம். அதோடு இரட்டை ரெக்கார்டு, மூவாயிரத்துக்குள் நல்ல நிலையில் கிடைப்பது சந்தேகம். அவனுடைய சூட்கேஸ் பிளேயரின் ஊசி வேறு கொஞ்சம் பாரமாக அழுத்துகிற வகை. அதிக விலை கொடுத்துப் பழைய ரெக்கார்டு வாங்கி அதில் உரசுவது எனக்கு மனசு கேட்காது.

ஃபேகனை ரெக்கார்டாக வாங்கத் தேவையே இல்லை என்பது என் கருத்து. சிடியில் கேட்டாலும் போனில் கேட்டாலும் அதன் அழகு குறையாது. நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு சேலம் பஸ்ஸில் தொப்பூர் கணவாய் இறங்கும்போது கேட்டால் இன்னும் பிரமாதம். கார்டு எழுதிக்கொள்வதற்கு நிறுத்தி நிறுத்திக் கேட்க வேண்டும், அதற்கும் போன்தான் வசதி.

கடைசியில் நான் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டில் முதல் பெயர் நீல ஆமைகள். அது கிடைக்காவிட்டால் ஸ்டிங்கின் 1987 ஆல்பம், பிரான்ஃபர்டும் கிர்க்லண்டும் அதிலும் இருக்கிறார்கள். மேடைப் பதிவை ஒரு மாதம் கழித்துப் போனில் கேட்கச் சொன்னேன். ஒரு மாதம் தாங்க மாட்டான் என்று தெரியும்.

ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்குப் போன் வந்தது. கிடைத்துவிட்டது, அட்டை ஒரு மூலையில் நைந்திருக்கிறது, 1,800 ரூபாய். முதல் பக்கம் கேட்டு முடித்துவிட்டானாம். சிரிப்பை அடக்க முடியாமல் பேசினான். அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'ஷேடோஸ் இன் தி ரெயின்', போலீஸ் நாட்களில் மெதுவாகப் பாடியதை இங்கே ஓட்டமாக ஓடவிட்டிருக்கிறார்கள். அதன் ஆரம்பத்தில் டிரம்ஸ் கிளம்பிவிட்ட பிறகு பிரான்ஃபர்டின் குரல் கேட்கும். என்ன ஸ்கேல், என்ன ஸ்கேல் (எந்தச் சுருதியில் வாசிப்பது) என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

"மாமா, நம்ம மேடையில சிங்கர் மைக்க மூடிட்டு என்கிட்ட 'தம்பி, ஸ்கேல் என்ன'ம்பாரே, அப்படியே கேக்கறாரு மாமா. யாருமே பதில் சொல்லல. எல்லாரும் வாசிச்சுட்டுப் போயிட்டே இருக்காங்க!"

அப்புறம் அவர் என்ன செய்தார் என்று கேட்டேன்.

"அவரும் ஊதறாரு. இருங்க, இன்னொருவாட்டி போடறேன், நீங்களும் கேளுங்க" என்று போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தான். ஊசி இறங்குகிற கரகரப்பு கேட்டது.